இடம் பெயராத இரண்டு கற்கள்

இன்றைக்கு ஒரே நாளில் போய்வரக்கூடிய இரண்டு ஊர்களுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். காலையில் கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூர். மாலைக்குள் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். முதல் ஊரில், வெயிலைக் கொண்டு மணி காட்டும் கல் ஒன்று கோயில் சுவரில் இருக்கிறது. இரண்டாவது ஊரில், கல்லாகிப் போன மரம் ஒன்று மண்ணில் கிடக்கிறது. இரண்டும் உலகம் வியக்க வேண்டியவை. இரண்டையும் நம்மில் பலர் பார்த்ததில்லை.

கும்பகோணத்திலிருந்து வேப்பத்தூர் போகும் வழியில், காவிரிப் பாசன வயல்களுக்கு நடுவே இருக்கிறது திருவிசநல்லூர். திருஞானசம்பந்தர் பாடிய தலம். தேவாரத்தில் இதற்குத் திருவியலூர் என்று பெயர். சுவாமி சிவயோகிநாதர், அம்பாள் சௌந்தரநாயகி. இராசராச சோழன் துலாபாரமும், அவன் தேவி தந்திசக்தி விடங்கி இரணியகர்ப்பம் என்ற தானமும் செய்தது இந்தக் கோயிலில்தான் என்பதைக் கல்வெட்டு சொல்கிறது. கார்த்திகை அமாவாசையில் மகான் ஸ்ரீதர ஐயாவாளின் மடத்துக் கிணற்றில் நீராட ஊரே கூடும். அந்த நாளில் வருகிறவர்கள்கூடப் பலர், கோயில் சுவரை அண்ணாந்து பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

அந்தச் சுவரில்தான் சூரியக் கடிகாரம் இருக்கிறது. அரைவட்டமாகச் செதுக்கிய கருங்கல். நடுவில் ஒரு பித்தளை ஊசி. அதிலிருந்து விசிறியாகப் பிரியும் கோடுகள், கோடுகளின் முனையில் மணி எண்கள். சூரியன் கிழக்கே இருக்கும்போது ஊசியின் நிழல் மேற்கே சாய்கிறது. பொழுது ஏற ஏறக் கோடு கோடாக நகர்கிறது. சாவி கொடுக்க வேண்டாம், எண்ணெய் போட வேண்டாம். சோழர் காலத்தது என்று ஊரில் சொல்கிறார்கள்.

போகிறவர்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சில நிமிடம் வித்தியாசம் தெரிந்தால், “பழசு, தப்பாகக் காட்டுகிறது” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். நம் கைக்கடிகாரம் காட்டுவது நாடு முழுவதற்கும் பொதுவாக வகுத்த நேரம். மிர்சாப்பூர் அருகே போகும் எண்பத்திரண்டரை பாகை தீர்க்கரேகையை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். திருவிசநல்லூர் அந்த ரேகைக்கு மேற்கே ஏறக்குறைய மூன்று பாகை தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். ஆகவே இந்த ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12 நிமிடம் பிந்தித்தான்.

இதோடு முடியவில்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் அல்ல. பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டு காரணங்களால் உச்சிவேளை ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் நகர்கிறது. பிப்ரவரி நடுவில் போனால் நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 12 மணி 26 நிமிடத்துக்கு இங்கே உச்சி. நவம்பர் தொடக்கத்தில் போனால் 12 மணிக்கு 4 நிமிடம் முன்பே உச்சி. சுவரில் உள்ள கல் திருவிசநல்லூரின் நேரத்தைச் சொல்கிறது. அந்த ஊருக்கு அதுதான் உண்மையான நேரம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்தில் ஒரு நாளும் ஆவணித் தொடக்கத்தில் ஒரு நாளும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். செங்குத்தாக நட்ட கம்புக்கு அந்த நேரத்தில் நிழலே விழாது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். இப்படி ஓர் இடத்து வானத்தையும், ஒரு சுவர் பார்த்து நிற்கும் திசையையும் கணக்கில் எடுத்துத்தான் சூரியக் கடிகாரத்துக்குக் கோடு கீற முடியும். இந்தக் கல்லைப் பெயர்த்து, 28 பாகையில் இருக்கும் தில்லி அருங்காட்சியகத்தில் வைத்தால் அது அழகான சிற்பமாக இருக்கும். மணி காட்டாது.

இனி வடக்கே போவோம். கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூர்ப் பக்கம் ஏறினால் நிலம் மாறுகிறது. நெல் வயல் குறைந்து பருத்தியும் மக்காச்சோளமும் வருகின்றன. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமென்ட் ஆலைகள், வரிசையாக லாரிகள். இந்தச் சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து. கிரெட்டேசியஸ் என்று புவியியலார் சொல்லும் காலத்தில் இந்தப் பகுதி கடலுக்கடியில் இருந்தது. அந்தக் கடலின் சிப்பிகளும் சங்குகளும் இன்றும் இங்கே பாறைக்குள் இருக்கின்றன. 1860களில் புவியியலார் பிளான்ஃபோர்டு இந்தப் பாறை அடுக்குகளை ஆராய்ந்து எழுதினார். தொல்லுயிரியலார் ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த தொல்லுயிர்களை விவரித்தார். அன்று முதல் உலகப் புவியியல் நூல்களில் ஊட்டத்தூர், அரியலூர் என்ற நம் ஊர்ப் பெயர்கள் வழங்கி வருகின்றன. கருடமங்கலத்தில் கிடைக்கும், சிப்பிகள் செறிந்த சுண்ணாம்புக்கல்லை மெருகேற்றினால் சலவைக்கல்லைப் போலப் பளபளக்கும்.

இந்த வட்டாரத்தில்தான் சாத்தனூர் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம். திருச்சியிலிருந்து வருபவர்கள் சென்னை நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே பிரிய வேண்டும். திருவண்ணாமலைப் பக்கத்துச் சாத்தனூர் அணை வேறு; வழி கேட்கும்போது கல்மரம் என்று சேர்த்துக் கேளுங்கள்.

அங்கே கிடக்கும் அடிமரத்தின் நீளம் 18 மீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெட்டிச் சாய்த்த மரம் என்றுதான் நினைப்போம். கிட்டே போனால் மரத்தின் நார் தெரிகிறது. தொட்டால் குளிர்ந்த கல். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்று சொல்லப்படுகிறது. பூக்கும் தாவரங்கள் நிலமெங்கும் பரவுவதற்கு முன்பு காடுகளை ஆண்ட ஊசியிலை மரங்களின் இனம் இது. நமக்குப் பழக்கமான வேம்பும் புளியும் மாவும் பிற்பாடு வந்தவை.

மரம் எப்படிக் கல்லாகும்? சாதாரணமாக விழுந்த மரம் மக்கிப் போகும். இந்த மரமோ நிலத்திலிருந்து நீரோட்டத்தில் அடித்து வரப்பட்டு, கடலடிச் சேற்றில் விரைவாகப் புதைந்தது. காற்றுப் படாததால் மக்கவில்லை. மண்ணில் ஊறிய நீரில் சிலிக்கா கரைந்திருந்தது. அது மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, துளித்துளியாகப் படிந்து இறுகியது. மரப்பொருள் போய்க் கல் வந்தது. வடிவம் அப்படியே நின்றது. அதனால்தான் மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், இது எந்த இனத்து மரம் என்று இன்றும் சொல்ல முடிகிறது.

1940இல் இதை உலகுக்கு அறிவித்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ம.சீ. கிருஷ்ணன். மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன் என்பது முழுப்பெயர். தஞ்சை மண்ணில் பிறந்தவர், பிற்காலத்தில் அத்துறைக்கு இயக்குநரான முதல் இந்தியர். சாத்தனூரைச் சுற்றி வரகூர், ஆனைப்பாடி, சாரதாமங்கலம் போன்ற ஊர்களின் ஓடைகளிலும் சிறிய கல்மரத் துண்டுகள் தென்படுகின்றன. அருகே காரை, கொளக்காநத்தம் பக்கம் போனால், மழைநீர் அரித்த வெற்று மேடுகளில் பழைய கடலின் அடித்தளத்தையே பார்க்கலாம். சாத்தனூர் மரம், காரை மேடுகள் இரண்டும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களுக்கும் அந்தச் சிறப்பு உண்டு. அவை சுமார் 2 கோடி ஆண்டு வயதுள்ளவை.

நேயர்களே, சூரியக் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னது இந்த மரத்துக்கும் பொருந்தும். நிலத்தில் வளர்ந்த மரம் கடற்சிப்பிகளின் அடுக்கில் கிடக்கிறது என்பதுதான் இதன் பெரிய செய்தி. கரை எங்கே இருந்தது, நீர் எதைக் கொண்டு வந்து சேர்த்தது என்பதையெல்லாம் அது கிடக்கும் இடத்தையும் அடுக்கையும் வைத்தே ஆராய்கிறார்கள். ஒரு துண்டை எடுத்து வந்து வீட்டு அலமாரியில் வைத்தால், அது எந்த ஓடையில், எந்த அடுக்கில் இருந்தது என்ற சேதி அந்த நிமிடமே அழிகிறது. அலமாரியில் மிஞ்சுவது வெறும் கல்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். குடும்பத்தோடு போங்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். திருவிசநல்லூருக்கு நல்ல வெயில் நாளில், கோயில் நடை திறந்திருக்கும் நேரத்தில் போய், நிழல் ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்கு நகரும் வரை பொறுமையாக நின்று பாருங்கள். சாத்தனூருக்குத் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு போங்கள், நிழல் குறைவு. படம் எடுங்கள், கேள்வி கேளுங்கள், பிள்ளைகளைக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். கல்லில் பெயர் கீற வேண்டாம், சுண்ணாம்பு பூச வேண்டாம், ஒரு சில்லைக்கூட எடுத்து வர வேண்டாம். உங்கள் ஊர் ஓடையில் இப்படி ஒரு கல் கண்ணில் பட்டால், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவாய்த் துறையினருக்கோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள். இந்தக் கற்களைக் காக்கும் வேலையில் பாதி, அவற்றைத் தொடாமல் விடுவதுதான். அந்தப் பாதியை நாம் ஒவ்வொருவரும் செய்யலாம்.