உடுக்கும் உடையும் உழைப்போர் உரிமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழா மேடையில் துணி வாங்குவது பற்றிப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். படிப்பு என்பது பாடநூலோடு முடிவதன்று. நாம் கொடுக்கும் காசு எங்கே போகிறது, யாரை வாழ வைக்கிறது, யாரை வருத்துகிறது என்று கேட்கத் தெரிவதும் படிப்பே. ஒவ்வொரு வீட்டிலும் ஆண்டுதோறும் செலவாகும் தொகையில் துணிக்கென்று ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு இன்று பெரும்பாலும் நகரத்துப் பெரிய ஜவுளி மாளிகைகளுக்கே சென்று சேர்கிறது. அதற்கு மாறாக அறத்தோடு பொருந்திய வழிகள் உளவா என்பதே நான் இன்று ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட விழைகிறேன். நம் மக்கள் குறைவாக உடுத்த வேண்டும் என்றோ, முரட்டுத் துணியே போதும் என்றோ நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. மனுநூலின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்குப் பிணத்தின் ஆடையையும், சூத்திரருக்குக் கழித்த பழந்துணியையும் விதித்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தலாகாது, சட்டையோ பனியனோ அணியலாகாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கலாகாது என்பன அவற்றுட் சில. மீறியவர்களின் குடிசைகள் தீக்கிரையாயின. 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு ஆணையராக இருந்த ஹட்டன் தம் நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்.

இக்கொடுமைகளை எதிர்த்து நம் முன்னோர் உடையையே போராட்டக் களமாக்கினர். 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில், அய்யன்காளியின் அழைப்பை ஏற்ற புலையர் குலப் பெண்கள், அடிமைச் சின்னமான கல்லுமாலைகளை அறுத்தெறிந்தனர். 1927 டிசம்பரில் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெண்களை நோக்கி, தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும் வகையில் சேலை கட்டும் முறையைக் கைவிடுமாறு அறிவுறுத்தினார். எனவே தூய்மையான, முழுமையான, அழகான ஆடை என்பது நாம் போராடிப் பெற்ற உரிமை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம் குழந்தைகள் புத்தாடை உடுத்துவதை ஆடம்பரம் என்று எவரேனும் சொன்னால் அவர் வரலாறு அறியாதவர். நல்ல ஆடை நமக்கு வேண்டும். அது பிறர் கண்ணீரில் நனையாததாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ண வேண்டும்.

அந்தக் கண்ணீர் யாருடையது? பெரும்பாலும் நம் வீட்டுப் பெண் மக்களுடையதே. கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மூன்றாண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் திருமணச் செலவுக்கு முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை மொத்தமாகத் தருவோம் என்று கூறித் தரகர்கள் ஊர் ஊராக வந்து பெண் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். இடையில் நோயுற்றுத் திரும்பியவர்களுக்கு அத்தொகை கிடைக்காமற் போனதும் உண்டு. நெதர்லாந்து நாட்டு ஆய்வு அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட அறிக்கை, சுரண்டப்படும் தலித் சிறுமியர் என்று தன் தலைப்பிலேயே குறிப்பிட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே சில மாணவியர் எங்கே போனார்கள் என்று தெரியாமல் வருகைப் பதிவேட்டைப் பார்த்து நிற்கும் ஆசிரியர்கள் இந்த மன்றத்தில் பலர் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை நூற்ற நூல்தான் எங்கோ துணியாகி, சட்டையாகி, கண்ணாடிப் பேழையில் தொங்குகிறது.

2021 சனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் தம் மேற்பார்வையாளனால் கொலையுண்டார். அதன்பின் தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கும் மேலாகப் போராடி, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்ற உடன்படிக்கையைக் கண்டது. பாலியல் கொடுமையையும் சாதிக் கொடுமையையும் தடுக்க, உற்பத்தியாளரோடு துணி வாங்கும் அயல்நாட்டு நிறுவனமும் கட்டுப்பட வேண்டும் என்பதே அதன் சிறப்பு. வாங்குகிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்பது அங்கே எழுத்தில் ஏற்கப்பட்டது. வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டபோது உலகம் கேட்டதும் இதே கேள்வியைத்தான்.

ஆலைகளை விட்டுக் கடைக்கே வருவோம். ஜவுளி மாளிகைகளில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டும் பெண்கள் எந்த ஊர்ப் பிள்ளைகள்? உட்கார ஒரு முக்காலி வேண்டும் என்பதற்கே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் நம் மாநிலம் 2021-இல் திருத்தம் செய்து, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி தரப்பட வேண்டும் என்று விதித்தது. இனி ஆற்றைப் பாருங்கள். திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் கெட்டு, ஒரத்துப்பாளையம் அணைநீர் பயிருக்கு உதவாத நீராயிற்று. 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. மலிவு விலை என்பது மாயம் அன்று. கடையில் நாம் கொடுக்காத காசை, நூற்ற பெண்ணும் நின்ற பெண்ணும் ஆற்றங்கரை உழவனும் கொடுத்துக் கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். "ஐயா, அந்த ஆலையிலும் கடையிலும் கிடைக்கும் கூலியால்தானே எங்கள் அடுப்பு எரிகிறது? நாம் வாங்காவிட்டால் அந்த வேலையும் போய்விடாதா?" இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. ஆலைகளை மூட வேண்டும் என்பது நம் நோக்கமன்று. அங்குள்ள கொடுமைகளைத் தொழிற்சங்கமும் சட்டமும்தான் தீர்க்க வேண்டும். கடை மாற்றுவதால் மட்டும் அவை தீரா. ஆனால் நம் கையில் உள்ள காசில் ஒரு பகுதியையேனும், கூலி வெளிப்படையாகத் தெரியும் இடங்களுக்குத் திருப்புவது நம்மால் இன்றே ஆகக்கூடிய செயல். தீய வாணிபங்கள் என்று ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விலக்கச் சொன்னார் பகவன் புத்தர். நல்வாழ்க்கைத் தொழில் விற்பவனுக்குரிய அறமாயின், வாங்குபவனுக்கும் அதில் ஒரு பங்கு இருத்தல் வேண்டுமன்றோ?

இனி வழிகளைக் காண்போம்.

முதலாவது, கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், தொடக்கச் சங்கங்களின் துணியை விற்றுத் தரும் தலைமைச் சங்கமாகும். பட்டுச் சேலை மட்டுமே அங்குண்டு என்று எண்ண வேண்டா. அன்றாடம் வேண்டிய வேட்டி, துண்டு, கைலி, சென்னிமலைப் போர்வை, பருத்திச் சேலை, சட்டைத் துணி யாவும் உண்டு. பண்டிகைக் காலத் தள்ளுபடியும், மாதந்தோறும் சிறு தொகை செலுத்திப் பின் துணியாகப் பெறும் சேமிப்புத் திட்டமும், அரசு ஊழியர்க்குக் கடன் விற்பனையும் இருந்து வருகின்றன. வட்டிக்கு வாங்கித் தீபாவளி கொண்டாடும் குடும்பத்திற்கு அத்தகைய சேமிப்பு எவ்வளவு பெரிய விடுதலை!

நெசவு நமக்கு அயல் தொழிலும் அன்று. தமிழ்நாட்டுப் பட்டியல் வகுப்புகளுள் ஒன்றான கோலியர் நெசவுத் தொழிலர். விதர்ப்பத்து மகர் மக்களில் பலர் நெசவாளர். கட்ச் பகுதியின் புஜோடி ஊரில் புகழ்பெற்ற சால்வைகளை நெய்வோர் மேக்வால் சமூகத்தார். இத்தொழில் இன்று தேய்ந்து வருகிறது. 2009-10 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 43.31 இலட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர், 2019-20 கணக்கெடுப்பில் 35.22 இலட்சமாகக் குறைந்தனர். அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கைத்தறிக்கே உரியனவாக ஒதுக்கப்பட்ட 22 வகைத் துணிகளும் பின்னர் 11 ஆகச் சுருங்கின. அவற்றையும் விசைத்தறியில் நெய்து கைத்தறி என்று விற்போர் உளர். ஆகவே 2006-இல் வந்த கைத்தறி முத்திரை உள்ளதா என்று பாருங்கள். துணியின் இரு விளிம்புகளையும் உற்று நோக்குங்கள். நெய்யும்போது அகலம் சுருங்காதிருக்க மாட்டும் குச்சியின் முனைகள் பதிந்து, ஊசித் துளைகள் வரிசையாகத் தென்படுவது கைத்தறிக்கு ஓர் அடையாளம்.

கூட்டுறவு என்றாலே குறையற்றது என்று நான் சொல்லவில்லை. பெயருக்கு உறுப்பினரைக் காட்டும் சங்கங்களும், கூலியைக் காலந்தாழ்த்தித் தரும் சங்கங்களும் உண்டு. ஆயினும் அங்கே கேள்வி கேட்க ஒரு பேரவையும் தணிக்கையும் உள்ளன. நெசவாளர்க்கு எவ்வளவு கூலி, பட்டியல் வகுப்பு நெசவாளர் உறுப்பினராக உள்ளனரா என்று கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் பதில் சொல்பவர் இருப்பார்.

இரண்டாவது, நம் ஊர்த் தையற்கலைஞர். ஆயத்த ஆடையைத் தவிர்த்துத் துணியாக வாங்கித் தைத்துக் கொள்வோமாயின், தையற்கூலி முழுவதும் நம் தெருவிலேயே தங்கும். தையலில் உள்மடிப்பு விட்டுத் தைக்கச் சொன்னால் வளரும் பிள்ளைக்கு மறு ஆண்டும் பிரித்துவிட்டு உடுத்தலாம். நம் பள்ளிகளில் வழங்கப்படும் விலையில்லாச் சீருடையைத் தைத்துத் தருபவை சமூக நலத்துறையின் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களே. நம் பகுதியில் தையல் கற்ற பெண்கள் அவற்றில் உறுப்பினராகலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொருள்கள் மாவட்டத் தலைநகரங்களின் பூமாலை வணிக வளாகங்களில் விற்கப்படுகின்றன. 1974-இல் நிறுவப்பெற்ற தாட்கோ, தொழில் தொடங்கும் நம் மக்களுக்கு மானியத்தோடு கடன் பெற வழிசெய்கிறது. ஊசியும் நூலும் உள்ள ஒருத்தி ஆலை விடுதிக்குப் போகாமல் தன் வீட்டிலிருந்தே பிழைக்க இவை துணையாகும்.

மூன்றாவது, உள்ள துணியைப் பேணுதல். பிறர் கழித்ததை நாம் உடுத்த வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அந்த இழிவை நாம் கடந்து வந்துவிட்டோம். நம் துணியை நாமே முழுதும் பயன்படுத்துவது வேறு. கோசாம்பி மன்னன் உதயணன், பிக்குகள் பழைய சீவரங்களை என்ன செய்வார்கள் என்று வினவியபோது, அவை விரிப்பாகும், பின் மிதியடியாகும், பின் துடைக்கும் துணியாகும், இறுதியில் மண்ணோடு பிசைந்து தரைக்குப் பூச்சாகும் என்று ஆனந்தர் விளக்கியதாகப் பௌத்த நூல் கூறுகிறது. நம் பாட்டிமார் பழஞ்சேலையில் தூளியும் மெத்தை விரிப்பும் செய்ததும் அந்த அறிவே.

நான்காவதும் தலையாயதும் கூட்டுக் கொள்முதல். தனி ஆளாகப் போகிறவனுக்குப் பெரிய கடையின் விலையே மலிவாகத் தோன்றும். கூடிப் போகிறவர்களுக்கு அப்படியன்று. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 ஏழைத் தொழிலாளர் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்துத் தொடங்கிய கடையே உலகக் கூட்டுறவு இயக்கத்திற்கு வித்தானது. 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நுகர்வோர் சங்கம் இன்றும் நிலைத்திருக்கிறது. நம் கல்விச் சங்கம் இதனைச் செய்ய முடியாதா?

எளிய கணக்கு ஒன்று கூறுகிறேன். ஐம்பது குடும்பங்கள் மாதம் 200 ரூபாய் வீதம் சேர்த்தால், பத்து மாதத்தில் ஓர் இலட்சம் ரூபாய் சேரும். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னதாகவே நெசவாளர் சங்கத்திற்கு நேரே சென்று, இத்தனை சேலை, இத்தனை வேட்டி, இத்தனை மீட்டர் சட்டைத் துணி என்று ஒரே பட்டியலாகக் கொடுக்கலாம். முன்கூட்டியே தேவை தெரிந்தால் நெசவாளர்க்குத் தறி ஓய்வின்றி ஓடும். நமக்கு இடைத்தரகின்றித் துணி வரும். தையல் வேலை நம் பெண்களுக்குச் சேரும். வட்டிக்காரர் வாயிலில் நிற்கும் நிலையும் ஒழியும். கணக்கைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் எழுதட்டும். வணிகவியல் பாடம் அவர்களுக்கு வாழ்க்கைப் பாடமாகும்.

இறுதியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறத்தோடு துணி வாங்குவதன் முதற்படி, நம் பிள்ளையை அந்த நூலுக்கு இரையாக்காமல் இருப்பது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக் காலத்திற்குக் கணக்கிட்டால் 36,000 ரூபாய். தரகன் காட்டிய தொகைக்கு இது பெரிதும் குறைந்ததன்று. அங்கே மூன்றாண்டு முடிவில் மெலிந்த உடம்பு மிஞ்சும்; இங்கே ஒரு பட்டம் மிஞ்சும். எதனைத் தேர்வது என்பதைத் தாய்மார்கள் முடிவு செய்யட்டும்.

வெள்ளி விழா நினைவாகக் கூட்டுக் கொள்முதல் குழு ஒன்றை இந்த ஆண்டே அமைக்கத் தீர்மானம் நிறைவேற்றுமாறு சங்கத்தின் செயற்குழுவைக் கேட்டுக் கொள்கிறேன். அக்குழுவில் பாதிப்பேரேனும் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் என் விண்ணப்பம். உடுத்த உரிமை பெற்ற சமூகம், உடையை ஆக்குவோரின் உரிமையையும் காக்கும் சமூகமாக உயரட்டும். 

ஜெய் பீம்!