சந்தேகத்தின் பலன் நம் பிள்ளைகளுக்கே!

(ஜொகூரில் பெற்றோர் - மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஸ்.பி.எம். தேர்வில் நம் பிள்ளை நன்றாகச் செய்கிறது. பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைக்கிறது. வீடே கொண்டாடுகிறது. ஆனால் பிள்ளையின் மனத்துக்குள் ஒரு குரல் கேட்கிறது: "எனக்கு இதற்குத் தகுதி இல்லை. ஏதோ அதிர்ஷ்டத்தில் நுழைந்துவிட்டேன். ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும்." அதனால் விரிவுரையில் கை தூக்க அஞ்சுகிறது. வேலைக்குப் போன பிறகும் பதவி உயர்வுக்கு மனுப் போடத் தயங்குகிறது.

இது நமக்கு மட்டும் வரும் குறை அல்ல. 1978-இல் பவுலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் கவனித்தது சாதனை படைத்த 150-க்கும் மேற்பட்ட பெண்களை. பட்டமும் பதவியும் பெற்ற பிறகும், தாங்கள் ஊரை ஏமாற்றுவதாகவே அப்பெண்களில் பலர் எண்ணினார்கள். பெரும்பாலோர் வசதியான வெள்ளையர் குடும்பத்தினர்!

சோனியா சோட்டோமேயரைப் பாருங்கள். ஆலைத் தொழிலாளியின் மகள். 9 வயதில் தந்தையை இழந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சிறந்த மாணவர்களுக்கான அமைப்பு ஒன்று அவரை அழைத்தபோது, ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்துக் கடிதத்தைக் குப்பையில் போட்டாராம்! 1976-இல் மிக உயர்ந்த தேர்ச்சியோடு பட்டம் பெற்றார். 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

நம் பிள்ளைகளின் சந்தேகத்துக்கோ ஒரு வரலாறே இருக்கிறது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஆனால் அதற்கு மேல் படிக்க வழி இல்லை. பாதை பால்மரத்தடியில் முடிந்தது. பின்னாளில், மலாய்மொழியில் தேர்ச்சி பெறாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஓராண்டு ரிமூவ் வகுப்பில் உட்கார, அதே வயதுப் பிள்ளைகள் முதலாம் படிவத்துக்குப் போனார்கள். "நீ பின்தங்கியவன்" என்ற முத்திரை அங்கேயே விழுந்தது.

மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு பூமிபுத்ராவுக்கு, மற்ற எல்லாருக்கும் சேர்த்து 10 விழுக்காடு. 10ஏ-யும் அதற்கு மேலும் பெற்ற எல்லா இன மாணவருக்கும் இடம் என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. 9ஏ எடுத்த பிள்ளைக்கு அந்த அறிவிப்பு உறுதி எதுவும் தரவில்லை. இடம் கிடைக்காத பிள்ளை என்ன நினைக்கிறது? "நான் போதாதவன்" என்று! ஒதுக்கீட்டில் நுழைந்த மலாய்ப் பிள்ளையையும் "கோட்டாவில் வந்தவன்" என்ற பேச்சு உறுத்துகிறது. ஆகவே அந்தப் பிள்ளைமேல் கோபம் வேண்டாம். கேள்வி கொள்கையை நோக்கி இருக்கட்டும். அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவு மலாய்க்காரர், சபா சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலையோடு, மற்ற இனங்களின் நியாயமான நலன்களையும் காக்கச் சொல்கிறதே!

"எனக்குத் தகுதி இருக்கிறதா?" என்பது ஒரு கேள்வி. "கதவு திறந்திருக்கிறதா?" என்பது வேறு கேள்வி. கதவு மூடியிருப்பதைத் தகுதியின்மைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெற்றோர்களே, "நமக்கெல்லாம் எதற்கு?" என்று சொல்லாதீர்கள். "எப்படியோ பாஸாகிட்டான்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். சான்றிதழ்களை ஒரே கோப்பில் வையுங்கள். இடம் மறுக்கப்பட்டால் உரிய நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாணவர்களே, பல்கலைக்கழகம் போனதும் நம் மூத்த மாணவர்களைத் தேடிப் பேசுங்கள். இதே பயம் அவர்களுக்கும் இருந்தது என்று தெரிந்தாலே பாதிப் பாரம் இறங்கும்.

நான் வழக்கறிஞர். குற்றவியல் வழக்கில் சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத்தான். நம் பிள்ளைகளோ ஒரு குற்றமும் செய்யாமல், தங்கள்மேலேயே சந்தேகப்பட்டுத் தங்களுக்கே தண்டனை விதித்துக்கொள்கிறார்கள். தேர்வுத் தாளில் இருப்பது அவர்கள் உழைப்பு. அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.