ஆறும் ஆற்றுப்படையும்



பத்துப்பாட்டிலே சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொருவனுக்கு, "நான் போய்வந்த இடத்துக்கு நீயும் போ" என்று வழி சொல்வதே அவற்றுட் பெரும்பாலானவற்றின் அமைப்பு. இதனை இருபது ஆண்டுகளாக வகுப்பிலே கற்பித்து வருகிறேன். அதன் உட்பொருள் எனக்கு விளங்கியது தொண்டைமானாற்றங்கரையிலேதான்.

கடந்த ஆவணியில் செல்வச்சந்நிதி முருகன் திருவிழாவுக்கு மாணவர் சிலருடன் சென்றிருந்தேன். சந்நிதியானை 'அன்னதானக் கந்தன்' என்பது நம்மவர் வழக்கு. மடமொன்றிலே பந்தியில் அமர்ந்தோம். பக்கத்திலே தென்னிலங்கையிலிருந்து வந்த ஒரு குடும்பம். பரிமாறிய முதியவர் எவரிடமும் ஊர்பேர் கேட்கவில்லை. உண்டு முடிந்ததும், "தம்பி, இலையை அந்தக் கடகத்துக்குள்ள போடுங்கோ; மாடு தின்னும்" என்றார். அவ்வளவே.

ஆற்றங்கரைக்கு வந்தால், அங்கே வேறொரு பந்தி முடிந்து கிடந்தது. சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீன் தாள்கள், தண்ணீர்ப் போத்தல்கள். மாடொன்று தாளை முகர்ந்துகொண்டு நின்றது. அவ்வேளை அந்தக் குடும்பத் தலைவர் என்னிடம் வந்து, இரவு தங்க இவ்வூரில் வீடேதும் கிடைக்குமா, விடியற்காலையில் பிள்ளைகளுக்குப் பறவைகளைக் காட்ட வேண்டும் என்று கேட்டார். எனக்கு மறுமொழி தெரியவில்லை. அவர்கள் யாழ்ப்பாண நகரத்து விடுதிக்கே திரும்பினார்கள். ஆற்றுப்படை படிப்பிக்கும் ஆசிரியனுக்கு ஆற்றுப்படுத்தத் தெரியவில்லை!

2009இல் போர் முடிந்தபின் குடாநாட்டுக்கு உல்லாசப் பயணிகள் பெருந்தொகையாக வரத் தொடங்கினர். காலையில் வந்து மாலையில் போகிறவர்கள் செலவழிக்கும் காசு நகரத்துக்கு. விட்டுச்செல்லும் குப்பை கிராமத்துக்கு. நிலைபேறான சுற்றுலாவுக்கென்று 2017ஆம் ஆண்டையே ஐக்கிய நாடுகள் சபை ஒதுக்கியது. அந்தத் தொடரின் பொருளை நமது பழம்பாட்டு எளிதாகச் சொல்கிறது.

பெரும்பாணாற்றுப்படையின் தலைவனும் ஒரு தொண்டைமானே, தொண்டைமான் இளந்திரையன். அவனிடம் செல்லும் பாணனுக்கு வழியிலே ஆயர் தினைச்சோறும் பாலும் தருவர். உழவர் நெற்சோறு தருவர். அவரவர் நிலத்தில் விளைந்ததே விருந்து. நமக்கும் ஒடியற்கூழ் உண்டு, பனாட்டு உண்டு, ஓலைப்பெட்டி பின்னும் கைகள் உண்டு. கடலேரியின் ஆழமும் மேடும் அறிந்த மீனவரைவிடப் பறவை காட்ட வல்லவர் யார்? மாணவர் இயற்கையை நேரிற்கண்டு பயில வெளிக்கள நிலையம் அமைந்த ஊரல்லவா இது? சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள், சிறு மூட்டையுடன் புறப்பட்டு, வழியூர்கள் இட்டதை உண்டு நடப்பவர்கள். அதுவும் நமக்குப் பாடமே.

ஆயினும் விருந்தோம்பலுக்கும் எல்லையுண்டு. உப்பு ஏற்றும் மரக்கலங்கள் வந்துபோகக் கருணாகரத் தொண்டைமான் இந்த ஆற்றை வெட்டுவித்தான் என்பது யாழ்ப்பாணத்து மரபுக் கதை. பிற்காலத்தில் கடல்நீர் உட்புகாதபடி இதற்குக் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். ஆகவே இது வேடிக்கை பார்க்கும் நீர்மட்டுமன்று. வயலும் கிணறும் நம்பியிருக்கும் நீர். எத்தனை படகு விடலாம், பறவைகள் தங்கும் காலத்தில் எங்கே போகலாகாது என்பவற்றை ஊரவரே முடிவுசெய்ய வேண்டும். மலைபடுகடாம் வழியின் அழகை மாத்திரமா சொல்கிறது? எங்கே கால் வழுக்கும், எங்கே ஒதுங்கி நிற்கவேண்டும் என்பதையும் சொல்கிறது. நல்ல வழிகாட்டியின் இலக்கணம் அது.

அன்று பந்தியிலிருந்த மாணவர்கள் இப்போது 'தொண்டைமானாற்றுப்படை' என்றொரு கையேடு எழுதுகிறார்கள். விருந்தினருக்கு அறைகொடுக்க இசைவோரைத் தேடி வீடுவீடாகப் போனார்கள். மூன்று வீட்டார் இசைந்தனர். நான்காம் வீட்டு அம்மா, "கக்கூசைத் திருத்திப்போட்டுச் சொல்லுறன், பிள்ளையள்" என்றாராம். அந்தச் சொல்லிலே எனக்குப் பெரு நம்பிக்கை.

விருந்துண்டு போனவன் ஊர் சென்று, "நீயும் போ" என்று இன்னொருவனுக்குச் சொல்லவேண்டும். அதைவிட வேறு விளம்பரம் எதற்கு? அப்படி அவன் சொல்வதற்கு, ஆறு ஆறாகவே இருக்கவேண்டும்.