உணர்வற்ற கால்களின் வேதனை



முன்பு நாம் பணியாற்றிய பங்கில், பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட சகோதரர் ஒருவருக்கு நற்கருணை கொண்டு செல்வோம். "சாமி, காலு ரெண்டும் தீயா எரியுது" என்பார். கிள்ளினாலும் தெரியாத கால் எப்படி எரியும் என்று ஐயுற்றோம். "பொறுத்துக்கொள்ளும்" என்று சொல்லித் திரும்பினோம். அது நமது தவறு.

பின்னரே மருத்துவர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தோம். காலில் ஒன்றும் நேராதபோதும், காயம்பட்ட நரம்புகளின் கோளாற்றால் மூளை அங்கே எரிவதாகவே உணர்கிறது. இது பாசாங்கு அன்று. சாதாரண வலி மாத்திரை இதற்கு அதிகம் உதவாது. காபாபென்டின் போன்ற தனி மருந்துகள் உண்டு. அவையும் பெரும்பாலும் வலியைக் குறைக்குமேயன்றி அறவே நீக்குவதில்லை. படுக்கைப்புண்ணோ சிறுநீர்த் தொற்றோ வந்தால் வேதனை கூடும். ஆகவே, நேரந்தவறாமல் புரட்டிப் படுக்க வைப்பதும் அன்புப்பணியே.

வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக முன்னின்றார். எல்லாரும் அவரைப்போல் ஆகவேண்டும் என்று நாம் கூறவில்லை. அவருக்குத் துணை நின்றோர் இருந்தனர், அதையே நினைவூட்டுகிறோம்.

நம் பங்கிலும் இவ்வாறு படுத்திருப்போர் உண்டு. "எரிகிறது" என்று அவர்கள் சொன்னால், புத்திமதி கூறுமுன் நம்புவோம்; அருகில் சற்று அமர்வோம். இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.