கோஷாவும் கார்டியனும்



வக்கீல் தொழிலைப் பற்றிப் பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக்கொண்டீர்கள். அத்தொழிலைப் பற்றி நமக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும், கோர்ட்டில் எழுந்து நின்று பேச உரிமையில்லாமலே வெகுகாலம் சட்ட வேலை பார்த்த ஒரு அம்மாளைப் பற்றிச் சொல்லுவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

அவர் கர்னீலியா சோராப்ஜி. 1866-ல் நாசிக்கில் பிறந்தவர். 1892-ல் ஆக்ஸ்போர்டில் சட்டப் பரீட்சை எழுதினார். பெண் பரீட்சை எழுதலாமாம்; பட்டம் மாத்திரம் வாங்கக் கூடாதாம்! அந்தப் பட்டம் அவர் கைக்கு வந்தது 1922-ல். முப்பது வருஷம்! சீமையின் யோக்கியதையே இப்படியென்றால் நம் நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

1904-ல் வங்காள சர்க்கார் அவரைக் கோர்ட் ஆப் வார்ட்ஸில் நியமித்தது. ஜமீன்தார் செத்து, வாரிசு மைனராயிருந்தால் எஸ்டேட்டை ஏற்று நடத்துகிற சர்க்கார் இலாகா அது. நிலத்தை உத்தியோகஸ்தர்கள் பார்த்துக்கொள்ளுவார்கள். கோஷாவுக்குள் கிடக்கும் விதவைத் தாயை யார் பார்ப்பது? ஆண் வக்கீல் உள்ளே போகக் கூடாது. அம்மாள் வெளியே வரக் கூடாது. ஆகவே திரைக்கு வெளியே நிற்கும் காரியஸ்தன் வைத்ததே சட்டம். "பையன் செலவுக்கு" என்று ஒரு காகிதத்தை உள்ளே நீட்டுவான். எழுத்து வாசனை அறியாத அம்மாள் பெருவிரலை வைத்துவிடுவாள். பிறகு பார்த்தால் ஒரு கிராமமே போயிருக்கும்.

அப்படிப்பட்ட பத்திரம் அந்த ஸ்திரீக்குப் புரிந்துதான் எழுதப்பட்டது என்று எழுதி வாங்கினவனே ருஜுப்படுத்த வேண்டுமென்பது பிரிவி கவுன்சில் தீர்ப்பு. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் மோசம் போன சங்கதியே தெரியாதவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

சோராப்ஜி அம்மாள் அந்தத் திரைக்குள் நுழைந்தார். பத்திரத்தை வாசித்துச் சொன்னார். ஜீவனாம்சம் வருகிறதா, மைனர் படிக்கிறானா என்று விசாரித்தார். அறுநூறு பெண்களுக்கும் அநாதைகளுக்கும் உதவினார் என்பது கணக்கு. இவ்வளவும் செய்தவர் கல்கத்தா ஹைகோர்ட்டில் வழக்காட வந்தது 1924-ல்தான். அதற்கும் 1923-ல் ஒரு தனிச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது!

அவருடைய எல்லாக் கொள்கைகளும் நமக்குச் சம்மதமல்ல. கோஷாவை ஒரேயடியாய் ஒழிக்க வேண்டுமென்று அவர் சொல்லவில்லை. மெள்ள மெள்ளப் போகலாமென்றார். நாமானால் முதலில் திரையைக் கிழித்துவிட்டுத்தான் பத்திரத்தை வாசித்திருப்போம்.

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது நினைக்கலாம். கோஷா போனாலும் கார்டியன் விஷயம் போய்விடவில்லை. 1956-ம் வருஷத்து இந்து மைனர் சட்டம் என்ன சொல்லுகிறது? மைனருக்கு இயற்கைக் கார்டியன் தகப்பன், அவனுக்குப் பிறகு தாய் என்கிறது. பத்து மாதம் சுமந்தவள் இயற்கையில் இரண்டாவதாம்!

1984-ல் கீதா ஹரிஹரன் என்ற எழுத்தாளர் தம் மைனர் மகன் பேரில் கடன் பத்திரம் வாங்க மனுப் போட்டார். தகப்பன் கையெழுத்து எங்கே என்று ரிசர்வ் வங்கி கேட்டது. தகப்பனோ சம்மதித்துத்தான் இருந்தார். அந்த அம்மாள் சும்மா விடாமல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1999-ல் தீர்ப்பு வந்தது: 'பிறகு' என்றால் தகப்பன் செத்த பிறகு என்று மாத்திரம் அர்த்தமல்ல; அவன் கவனியாதிருந்தாலும், தூரத்திலிருந்தாலும், தாயிடமே பொறுப்பை விட்டிருந்தாலும் தாயே கார்டியன் என்றார்கள்.

அர்த்தத்தைத்தான் மாற்றினார்கள். 'பிறகு' என்ற வார்த்தை சட்டப் புத்தகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.