எழுபது காசு ஐம்பது காசான கணக்கு

எனக்கு முன் பேசிய அன்பர், "நம் பானையிலேயே சோறில்லாதபோது வெளிநாட்டுக்கு எப்படி அள்ளிக் கொடுப்பது?" என்று கேட்டார். அரங்கத்தில் பலத்த கைத்தட்டல். நியாயமான கேள்விதான். ஆனால் பிரிட்டனில் நடந்ததைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

செல்வந்த நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை ஏழை நாடுகளின் மேம்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்று ஐக்கிய நாட்டு மன்றம் 1970ல் கேட்டுக்கொண்டது. நூறு வெள்ளிக்கு எழுபது காசு, அவ்வளவுதான். பிரிட்டன் 2013ல் அதை எட்டியது. 2015ல் சட்டமாகவே ஆக்கியது. பிறகு கோவிட்-19 வந்தது. 2020ல் பொருளாதாரம் ஏறத்தாழ பத்து விழுக்காடு சுருங்கியது. அந்த நவம்பரில் நிதியமைச்சர் ரிஷி சுனாக், உதவி 0.5 விழுக்காடாகக் குறையும், இது தற்காலிகம் என்று அறிவித்தார்.

இங்கேதான் நாம் பென்சிலை எடுக்க வேண்டும். விழுக்காடு என்றாலே வருமானம் குறையும்போது கொடுப்பதும் தானாகக் குறையும். நூறு வெள்ளி தொண்ணூறானால், எழுபது காசு அறுபத்து மூன்று காசாகிவிடும். நெருக்கடிக்கான சலுகை அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. விழுக்காட்டையும் குறைத்தால் நாற்பத்தைந்து காசுதான் மிஞ்சும். ஒரே நெருக்கடிக்கு இரண்டு வெட்டு! 2019ல் 15.2 பில்லியன் பவுண்டாக இருந்த உதவி, 2021ல் 11.4 பில்லியனானது.

யார் வயிற்றில் அடி விழுந்தது? ஐ.நா. மக்கள்தொகை நிதியம் ஏழை நாட்டுப் பெண்களுக்குக் கருத்தடைச் சாதனங்களும் பிரசவ மருந்துகளும் அனுப்புகிறது. 2021ல் அதற்கு வரவேண்டிய 154 மில்லியன் பவுண்டு 23 மில்லியனாகச் சுருங்கியது. எஞ்சிய உதவியும் முழுதாக வெளியே போகவில்லை. 2022ல் அதில் கால்பங்குக்கு மேல் பிரிட்டனுக்குள்ளேயே அகதிகளைப் பராமரிக்கச் செலவானது.

சரி, "தற்காலிகம்" என்னவாயிற்று? தொலைக்காட்சியில் நாங்கள் "சிறு இடைவேளை" என்றால் விளம்பரம் முடிந்ததும் திரும்பி வந்துவிடுவோம். அங்கே 2021 ஜூலையில் நாடாளுமன்றம் 333க்கு 298 என்ற வாக்குகளில் வெட்டை உறுதிசெய்தது. ஆளுங்கட்சியைச் சேர்ந்த முன்னாள் பிரதமர் தெரேசா மே எதிர்த்து வாக்களித்தும் பயனில்லை. 2025 பிப்ரவரியில் பிரதமர் கியர் ஸ்டாமர், 2027ல் இது 0.3 ஆகும் என்றார். இம்முறை சொன்ன காரணம் பொருளாதார மந்தமல்ல, தற்காப்புச் செலவு. மேம்பாட்டுத்துறை அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் பதவி விலகினார்.

2020ல் பானையில் சோறு குறைந்தது உண்மை. 2025ல் எந்தப் பானை என்பதை அன்பர் அடுத்த சுற்றில் சொல்லட்டும்.