காரணம் எழுதும் கட்டம்

மலேசியாவின் மலை ஊரான தானா ராத்தாவில் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்பது பெருமை. முன்வரிசையில் இருப்போரில் பாதிப் பேர் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் என்பதால் சற்று உதறலும் உண்டு. முற்றிய புற்றுநோயாளிகளின் உபாதைகளைத் தணிக்க மருத்துவக் கஞ்சா உதவுமா என்பது நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கஞ்சாவிலுள்ள டிஎச்சி, சிபிடி ஆகிய இரு வேதிப்பொருள்களுக்கும் உள்ள வேறுபாடு, வலி, குமட்டல், பசியின்மை பற்றியெல்லாம் கட்டுரையாளர்கள் பேசுவார்கள். நான் ஒரு கேள்வியோடு நின்றுகொள்கிறேன். நோயாளிக்குச் சற்றுச் சுகம் தெரிகிறது என்றால், அது கஞ்சாவால் வந்தது என்று எந்த ஆதாரத்தில் எழுதுகிறோம்?

இந்தக் கேள்வி 130 ஆண்டுப் பழையது. 1893-94இல் மேக்வர்த் யங் தலைமையில் இந்தியாவில் விசாரணை நடத்திய கஞ்சா ஆணையம் 1,193 சாட்சிகளைக் கேட்டது. அவர்களில் நாட்டு வைத்தியர்களும் இருந்தார்கள், சென்னை மாகாணத்தாரும் இருந்தார்கள். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கப்பட்ட அதே மாகாணம்தான். ஆனாலும் நம்மவர்கள் அந்தச் சாட்சியங்களைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அளவோடு பயன்படுத்தினால் பெருங்கேடில்லை என்ற முடிவுரையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கஞ்சா மருந்துதான் என்று ஆணையமே நிறுவிவிட்டதாக மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் பல மேடைகளில் சொல்லி வருகிறார். மனநலக் காப்பகங்களைப் பற்றிய அத்தியாயம் வரை படிக்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை போலும். அறிக்கையின் சரக்கே அங்குதான் இருக்கிறது. 1892இல் காப்பகங்களில் சேர்ந்த 1,344 பேரில் 222 பேருக்குக் கஞ்சா வகைகளால் பித்துப் பிடித்தது என்று பதிவேடுகள் கூறின. ஆணையம் அவற்றை ஒவ்வொன்றாகத் துருவியது. நோயாளியோடு வந்த தாளில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. ஆள் கஞ்சா பிடிப்பவன் என்று யாராவது சொன்னால் போதும், அந்தக் கட்டம் நிரம்பிவிடும். காப்பகம் அதை அப்படியே பெயர்த்து எழுதும், ஆண்டறிக்கை அதைக் கூட்டிக் கணக்காக்கும். துருவி முடித்தபோது 222 என்பது 98 ஆயிற்று, அதிலும் வேறு காரணங்கள் கலந்தவை இருந்தன.

இன்று அதே கட்டத்தில் பித்து என்பதற்குப் பதில் சுகம் என்று எழுதுகிறோம், வேறொன்றும் மாறவில்லை. பிரிஸ்பேனில் ஜேனட் ஹார்டி குழுவினர் நடத்திய சோதனையைப் பாருங்கள். முற்றிய புற்றுநோயாளிகள் 144 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 600 மில்லிகிராம் வரை சிபிடி எண்ணெயும் மறுசாராருக்கு மருந்துப்போலியும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. 14ஆம் நாளில் சிபிடி குடித்தவர்களில் 53 விழுக்காட்டினர் தேவலை என்றார்கள். மறுசாரார் இல்லாமல் போயிருந்தால் இந்த 53 விழுக்காட்டை எத்தனை மேடைகளில் கேட்டிருப்போம்! மருந்துப்போலி குடித்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 65 விழுக்காடு. உபாதைகளின் மொத்தக் கணக்கிலும் இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை. இரு சாராரையும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக் குழு ஒன்று கவனித்து வந்தது. அப்படியானால் குழுவின் கவனிப்பே குணம் தந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் கவனிப்பே கிடைக்காத மூன்றாவது சாரார் அங்கில்லை, அதனால் அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கும் உரிமையில்லை.

சிபிடி கஞ்சா ஆகாது, வீரியம் டிஎச்சியில் அல்லவா இருக்கிறது என்பார்கள். நியாயமான மறுப்புதான். வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கீமோதெரபிக் குமட்டலுக்கு இரண்டையும் சேர்த்த மாத்திரையை ஆஸ்திரேலியாவிலேயே சோதித்தார்கள். வாந்தியும் மீட்பு மருந்தும் இல்லாமல் தேறியவர்கள் 24 விழுக்காடு, மருந்துப்போலியில் 8 விழுக்காடுதான். இதை நான் மறுக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்த்ததால் நம்புகிறேன். மார்பினுக்கும் கட்டுப்படாத புற்றுவலிக்கு டிஎச்சியும் சிபிடியும் கலந்த நபிக்சிமால்ஸ் தெளிப்பானை வைத்து நடத்திய பெரிய சோதனைகள் தங்கள் முதன்மை இலக்கை எட்டவில்லை. இதையும் அதே காரணத்தால்தான் நம்புகிறேன். குமட்டலுக்குக் கிடைத்த பலனை வலிக்கும் பசிக்கும் தூக்கத்துக்கும் நீட்டிச் சொல்வதுதான் தவறு.

சித்த மருத்துவ நண்பர்களுக்கு வேறு மனக்குறை: நூற்றாண்டுகளாகக் கொடுத்து வரும் மருந்துக்குச் சோதனை எதற்கு? இலையை அலசிக் காயவைத்து நெய்யில் வறுத்துச் சுத்தி செய்யும் முறையில் நல்ல அறிவு இருக்கிறது. டிஎச்சி கொழுப்பில் கரைவது, பச்சை இலையில் அது முழு வீரியத்தோடு இருப்பதில்லை, சூடு பட்டால்தான் அந்த உருவத்துக்கு வரும். இதை நாட்டு மருந்து என்று ஒதுக்குவோர் ரசாயனம் அறியாதவர்கள். ஆனால் மருந்தைச் செய்யத் தெரிவது வேறு, கொடுத்த நூறு பேரில் எத்தனை பேர் தேறினார்கள், கொடுக்காத நூறு பேரில் எத்தனை பேர் தேறினார்கள் என்று தெரிவது வேறு. ஏடுகள் முன்னதைச் சொல்கின்றன, பின்னதைச் சொல்வதில்லை.

சாகக் கிடப்பவருக்கு மருந்துப்போலி கொடுப்பது அறமா என்ற கேள்விதான் கனமானது. மார்பினை நிறுத்திவிட்டுப் போலியைக் கொடுப்பது பாதகம். இரு சாராருக்கும் மார்பினும் குமட்டல் மருந்தும் வீட்டுக்கே வரும் தாதியும் கிடைத்து, அவற்றுக்கு மேல் ஒரு சாராருக்குக் கஞ்சா, மறுசாராருக்குப் போலி என்றால் யாரும் எதையும் இழப்பதில்லை. சட்டம் தடையாகும் என்பதையும் பெரிதாக்க வேண்டாம். 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் கடுமையானதுதான். ஆனால் முறைப்படி பதிவுபெற்ற கஞ்சா மருந்துக்கு வழியுண்டு என்று 2021 நவம்பரில் சுகாதார அமைச்சராக இருந்த கைரி ஜமாலுதீனே நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தார்.

இந்த மலையில் சோதனை நடத்துவதானால் என் நிபந்தனை இதுதான். ஹாபுவிலோ சுங்கை பாலாஸிலோ ஒரு தோட்ட லயத்தில் படுத்திருக்கும் முதியவருக்கு, குலுக்கலில் எந்தச் சாரார் பக்கம் விழுந்தாலும், தானா ராத்தா மருத்துவமனையிலிருந்து வாய்வழி மார்பின் தடையின்றி வர வேண்டும். வலிக்காக அவரைத் தாப்பா சாலையின் வளைவுகளில் இறக்கிக் கொண்டுபோகும் நிலை இருக்கக் கூடாது. அந்த ஏற்பாட்டைச் செய்யாமல் கஞ்சாவை மட்டும் கொண்டுவரும் எந்தத் திட்ட வரைவுக்கும் நான் கையெழுத்திட மாட்டேன். இரண்டாம் அமர்வில் அப்படி ஒரு வரைவு வரவிருப்பதாக அறிகிறேன். அதை எழுதியவர்கள் இந்த அவையில்தான் இருக்கிறார்கள், அவர்கள் பதிலை அங்கே கேட்போம்.